இரண்டாம் டிராம்போனின் கடைசி ஸ்வரம்

கையில் மணியையும் கண்ணில் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் எட்வின் லாக்வுட் அவர்களே, தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு இப்போதுதான் அமர்ந்த செயலாளர் பெர்னார்ட் கிரீவ்ஸ் அவர்களே, ஒற்றைக் கோலால் ஐம்பத்திரண்டு பேரைக் கட்டி மேய்க்கும் எங்கள் இசை நடத்துநர் ஹெர்பர்ட் நெய்லர் அவர்களே, முப்பது வருடம் மண்ணுக்கு அடியில் மூச்சைப் பிடித்திருந்து இன்று மண்ணுக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, சுரங்க வேலைநிறுத்தம் நடந்த அந்த ஒரு வருடம் முழுவதும் இதே மண்டபத்தில் ஊருக்கே உருளைக்கிழங்கு உரித்த தாய்மார்களே, பேண்டுக்காரர்களே, பாடகர் குழுவினரே, கடைசி வரிசையில் தேநீருக்காகவும் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சுக்காகவும் மட்டுமே வந்திருக்கும் நேர்மையான நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்கெல்தோர்ப் வாத்தியக் குழுவின் கடைசி வயோலாக்காரனும் இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்ளும் நோட்டுக் காப்பாளனுமான கீத் மர்கட்ராய்டின் வணக்கம்.

இந்தத் தீர்மானம் யாரைப் பற்றியதோ அவர் இங்கே இல்லை. மேவிஸ் ஓல்ட்ராய்ட் வரவில்லை. நேற்று நேரில் போய்க் கூப்பிட்டேன். "என்னப் பத்தி எல்லாரும் பேசுற எடத்துல நான் எதுக்குக் கண்ணு உக்காந்திருக்கணும்? எனக்கு இஸ்திரி போடுற வேல கெடக்கு" என்றார். அவர் இல்லாத இடத்தில் அவருடைய இடத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம். எந்த இடம்? வாத்தியக் குழுவின் பின்வரிசையில், முரசுக்கு முன்னால், இரண்டாம் டிராம்போனின் நாற்காலி. வரும் ஜூன் பதினான்காம் தேதி வேக்ஃபீல்டில் வில்ஃப்ரிட் ஆம்ப்ளரின் மூன்றாம் சிம்பொனியை நாம் வாசிக்கிறோம். வானொலிக்காரர்கள் பதிவு செய்கிறார்கள். அந்த நாற்காலியில் மேவிஸ் உட்காரக் கூடாது, லீட்ஸிலிருந்து ஒருவரை அழைத்து உட்கார வைக்க வேண்டும். இதுதான் தீர்மானம். நான் பேசி முடித்ததும் வாக்கெடுப்பு.

வாக்களிக்கும் முன் ஒரு கேள்வி. இந்த இசையை நாம் ஏன் கேட்கிறோம்?

மூன்றாவது வரிசையில் யாரோ "அழகா இருக்குல்ல" என்கிறீர்கள். அழகா? இசைத்தட்டுக் கடைக்குப் போங்கள். இந்த நூற்றாண்டில் நம் நாட்டார் எழுதிய சிம்பொனி எதை வேண்டுமானாலும் எடுங்கள். அட்டையில் ஒரு புல்வெளி இருக்கும். புல்வெளியில் ஓர் ஆடு இருக்கும். அந்த ஆடு எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளர் இதை எழுதியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில். அவர் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது குண்டு விழுந்து பாதி வீடுகளோடு நின்ற ஒரு ஷெஃபீல்டு தெரு. மாடி இல்லாத மாடிப்படி. சுவர் இல்லாத சமையலறை. அதைப் பார்த்து எழுதியவனின் அட்டையில் ஆட்டைக் கட்டிவிட்டுப் போனது யார்? நம் அச்சத்தை அலங்காரமாக்கியது யார்? நம் கோபத்தைக் கோடைக்காலச் சுற்றுலாவாக்கியது யார்?

கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் வயலின்கள் ஒரு மெட்டை எடுக்கின்றன. தாலாட்டுப் போலத்தான் தொடங்குகிறது. நான்காம் அடியில் கீழே முரசு ஒரு தட்டுத் தட்டுகிறது. மெட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்காருகிறது. மறுபடி தட்டு. மறுபடி எழுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொன்னவன் கதவைத் தட்டுவது போல முரசு தட்டிக்கொண்டே இருக்கிறது, பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு அலைபவள் போல மெட்டு அலைந்துகொண்டே இருக்கிறது. முப்பத்தெட்டு நிமிடம் அது உட்கார ஓர் இடம் தேடுகிறது. இதில் எங்கே இருக்கிறது புல்வெளி? இது நம் தெரு. இது நம் சமையலறை. இது நம்முடைய போன வருடம்.

நம் ஊரில் அழுகிறவர்கள் உண்டா? கேட்டால் என்ன சொல்வோம்? "பரவால்ல, ஓடுது." பிள்ளை ஊரை விட்டுப் போனாலும் பரவால்ல, ஓடுது. சுரங்கத்தின் வாயில் கான்கிரீட் ஊற்றி மூடினாலும் பரவால்ல, ஓடுது. என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். அதோ, நான்காவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைநிறுத்தத்தின் பத்தாவது மாதம், அடுப்பில் கரி இல்லை. நிலக்கரி வெட்டுகிறவன் வீட்டில் கரி இல்லை. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சிம்பொனி. நான் உள்ளே நுழைந்தபோது பார்த்தேன், அவருடைய கை வானொலிக் குமிழ் மேலேயே இருந்தது. யாராவது வந்தால் உடனே அணைத்துவிடலாம் அல்லவா? கன்னம் நனைந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"காத்து அடிக்குதுடா. கதவ மூடு."

கதவு மூடித்தான் இருந்தது.

சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் காற்று அடித்திருக்கிறது. வாய் சொல்ல மறுத்ததை வயலின் சொல்கிறது. மனிதன் மறைத்ததை முரசு உடைக்கிறது. அதனால்தான் கேட்கிறோம்.

தலைவர் மணியை அடிக்கிறார். ஐயா, கிரீவ்ஸ் அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தீர்கள். அதில் நான்கு நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அந்த நான்கு நிமிடத்தை எனக்குக் கொடுங்கள்.

ஏப்ரல் மாதம் நம் தேவாலயத்தில் நடந்த கச்சேரிக்கு வருகிறேன். நீங்கள் பெரும்பாலோர் வந்திருந்தீர்கள். ஆம்ப்ளரின் சிம்பொனி முப்பத்தெட்டு நிமிடம் அலைந்துவிட்டுக் கடைசியில் ஓர் இடத்தில் போய் அமர்கிறது. எல்லோரும் சேர்ந்து பிடிக்கும் ஒரு கூட்டுஸ்வரம். சத்தமில்லை. மெல்ல. அதில் மற்ற எல்லா வாத்தியங்களுக்கும் இரண்டே ஸ்வரங்கள்தான், அடிப்படை ஸ்வரமும் அதன் ஐந்தாவதும். வெறும் தரையும் கூரையும். நடுவில் விளக்கு ஏற்றுவது ஒரே ஒரு ஸ்வரம். அது இருக்கும் உயரத்தில் இருந்தால் வீடு வெளிச்சமாகிறது. அரைப்படி இறங்கினால் அதே வீடு இருட்டாகிறது. அந்த ஒரே ஸ்வரத்தை ஆம்ப்ளர் இரண்டாம் டிராம்போனுக்குக் கொடுத்தார். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்று அது அரைப்படி இறங்கி ஒலித்தது.

என்ன நடந்தது? நெய்லர் ஐயாவின் கைகள் மேலேயே நின்றுவிட்டன. யாரும் கை தட்டவில்லை. ஒருவர் கூட இருமவில்லை, மார்பில் கரித்தூசி சுமப்பவர்கள் நானூறு பேர் உட்கார்ந்திருந்த தேவாலயத்தில் ஒருவர் கூட இருமவில்லை. அந்த அமைதியில் பக்கவாட்டு வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. உரக்கப் பேசவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டது போல.

"அவ்ளோதானா?"

அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினீர்கள். நான் மேடையிலிருந்து பார்த்தேன். ஒரு வருடம் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது.

அன்று கேட்க ஆள் அனுப்பியிருந்த, லண்டனில் இருக்கும் ஆம்ப்ளர் அறக்கட்டளையிலிருந்து இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிரீவ்ஸ் அவர்கள் அதை வாசித்துக் காட்டினார். "முடிவைச் சிதைத்த மன்னிக்க முடியாத பிழை" என்று எழுதியிருந்தார்கள். நம் குழு கூடியது. யார் அது என்று கேட்டார்கள். மேவிஸ் எழுந்து நின்று, "நான்தான் தப்பா வாசிச்சேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் விசாரணை. பத்தொன்பது வருடம் சுரங்கத்துப் பேண்டில் வாசித்தவர், சுரங்க உணவகத்தில் இருபத்தாறு வருடம் சட்டி சுமந்தவர், ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனார்.

பாடகர் குழுத் தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். பேண்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இது தாய்ப்பால் சமாசாரம். நம் ஊர்ப் பித்தளைப் பேண்டுகளில் சின்ன கார்னெட் முதல் மடியில் அடங்காத பெரிய ஊதுகுழல் வரை எல்லோரும் நோட்டை ஒரே முறையில்தான் படிக்கிறோம். கடைசி டிராம்போன்காரரைத் தவிர. அவர் எப்போதுமே தனிப்பிறவி. சிரிக்காதீர்கள் பெர்ஸி, உங்களைத்தான் சொல்கிறேன். ஏன் ஒரே முறை? ஒருவன் சுரங்கத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டால் அடுத்தவன் அவனுடைய வாத்தியத்தை எடுத்துச் சனிக்கிழமை வாசித்தாக வேண்டும். ஒருவன் வராமலே போய்விட்டாலும் வாசித்தாக வேண்டும். அதற்காக. எந்த மனிதனையும் எந்த மனிதனுக்குப் பதிலாகவும் உட்கார வைக்கலாம் என்ற கணக்கிலிருந்து பிறந்தது அந்த முறை. முதலாளிக்கு வசதி. ஆனாலும் நாம் அதிலிருந்து ஓர் இசையை உண்டாக்கினோம்.

சிம்பொனிக்காரர்கள் அப்படிப் படிப்பதில்லை. டிராம்போனுக்கு வரியின் தொடக்கத்தில் வேறு குறி போடுகிறார்கள். அதில் ஒரு குறி பொல்லாதது. அதே கோடு, அதே புள்ளி, நம் பேண்டுக்காரர் தம் பழக்கத்தில் வாசித்தால் பெரும்பாலும் சரியான ஸ்வரமே வரும். இரண்டே இரண்டு ஸ்வரங்கள் மட்டும் அரைப்படி இறங்கிவிடும். முழுக்கத் தவறாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் தவறாக இருப்பதால் தெரியாது. ஆகவே பேண்டிலிருந்து ஒருவரை சிம்பொனிக்கு அழைத்தால், அவருக்குத் தெரிந்த முறையில் நோட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

அப்படியானால் ஒத்திகையில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? நெய்லர் ஐயாவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைசிக் கூட்டுஸ்வரத்தை அவர் ஒத்திகையில் வாசிக்க விடுவதில்லை. அதற்கு முந்தைய அடியில் கோலை வைத்துவிட்டு, "மிச்சத்தக் கச்சேரியில பாத்துக்கலாம், வீணாக்க வேணாம்" என்பார். இருபது வருடப் பழக்கம். நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இங்கே இன்னொரு கட்சியும் இருக்கிறது. நண்பர்கள் சிலர் தேநீர் மேசையில் என்னிடம் சொன்னார்கள். "கீத்து, அந்தத் தப்பு ஸ்வரத்த அப்படியே வச்சுக்கலாம்டா. அதுதான் நம்ம ஊரு. லண்டன்காரன் வெளிச்சம் அவனோட இருக்கட்டும், நம்ம இருட்டு நம்மளோட இருக்கட்டும். மேவிஸே வாசிக்கட்டும், அப்படியே வாசிக்கட்டும்." உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது இனித்தது. இந்த மேடையில் அதைத்தான் பேசுவதாக இருந்தேன். நம் கண்ணீர், நம் கறை, நம் கறுப்பு என்று அடுக்கி எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. கை தட்டியிருப்பீர்கள். அந்தத் தாளை நான் எடுக்கப் போவதில்லை.

ஏனென்றால் மேவிஸுக்கு நோட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்.

ஆமாம் ஐயா. நான். கிரீவ்ஸ் அவர்களே, பேனாவை எடுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் இதை எழுதுங்கள். இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். இருபத்து மூன்றாவது பக்கத்தை எழுதவில்லை. கடைசிப் பக்கம். பெரும்பாலும் காலி வரிகள், முடிவில் ஒரு நீண்ட ஸ்வரம். லண்டனிலிருந்து வாடகைக்கு வந்த அச்சுத்தாளையே அந்த இடத்தில் செருகினேன். கச்சேரிக்கு முந்தைய வியாழக்கிழமை மேவிஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, கடைசித் தாளு அச்சுலயே இருக்கு. நீ எழுதலையா?"

"அது அப்படியே வாசிக்கலாம் மேவிஸக்கா. உங்க மொறதான்."

"முன்னாடி குறி வேற மாதிரி இருக்கே."

"பரவால்லக்கா. நான் பாத்துட்டேன்."

நான் பார்க்கவில்லை.

ஏன் சொன்னேன்? நேரம் இல்லையா? வேலை இல்லாதவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? நான் நினைத்தது இதுதான்: இரண்டாம் டிராம்போன், மெல்லிய ஸ்வரம், பின்வரிசை, யார் கேட்கப் போகிறார்கள்? நம் சுரங்கத்தை மூட வந்த அதிகாரி இதே மண்டபத்தில் இதே வார்த்தையைச் சொன்னார். "எண்ணூறு பேர்தானே, யாருக்குத் தெரியப் போகுது." அன்று மேசை மேல் ஏறி நின்று அவரைத் திட்டியவன் நான். நினைவிருக்கிறதா? அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறோம் போல.

கடிதம் வந்தபோது வாயைத் திறந்தேனா? இல்லை. குழு கூடியபோது? இல்லை. மேவிஸ் எழுந்து நின்றபோது என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் அந்தக் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி மணி. அடியுங்கள் ஐயா. நான் இறங்க மாட்டேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டேன்.

"மேவிஸக்கா, ஏன் அன்னிக்கு எம்பேரச் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

நான்தான் உளறினேன். ஊரே அழுததே அக்கா, அந்த ஸ்வரம்தானே அழ வைத்தது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே என்றேன். அவர் சட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"அழ வைக்கவாடா நான் போனேன்? போன வருசம் பூரா அழுதாச்சு. கேளு. அந்தச் சிம்பொனியில எனக்குப் பெரிய வேல கெடையாது. பாதி நேரம் அந்தக் கொழாய மடியில வச்சுக்கிட்டு அடி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ குடுத்த அச்சுத்தாளுல, கடைசி ஸ்வரத்துக்குக் கீழ, முன்னாடி வாசிச்ச எவனோ பென்சில்ல எழுதியிருந்தான். 'இதுக்காகத்தான் இவ்வளவு நேரம்'னு. யாருன்னு தெரியல. என்னப் போல ஒருத்தன். அதப் பாத்துட்டு எனக்கு ஒரு ஆச வந்துச்சு. அவ்வளவு அலைச்சலுக்கு அப்புறம் அங்க ஒரு வெளிச்சம் வருதுன்னா, இந்த ஊருக்கு அத நான் குடுக்கணும். உணவகத்துல இருந்தவ குடுக்கணும். ஊதுனேன். வேற என்னமோ வந்துச்சு. எல்லாரும் அழுதீங்க. நான் அங்க உக்காந்துக்கிட்டு, அய்யோ இது இல்ல, இது இல்ல, நான் கொண்டு வந்தது இது இல்லன்னு..."

திரும்பி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த இசையை நாம் ஏன் கேட்கிறோம் என்று கேட்டேன் அல்லவா? அதில் நம் சோகம் இருக்கிறது என்று பதில் வைத்திருந்தேன். அது அரைப் பதில். நம் சோகம் எல்லோருக்கும் பிடிக்கும். அறக்கட்டளைக்காரர்களைத் தவிர எல்லோருக்கும் பிடிக்கும். வெளியூரிலிருந்து வந்து நம்மைப் படம் பிடிக்கிறார்கள், மூடிய வாயிலைப் படம் பிடிக்கிறார்கள், மழையில் நிற்கும் நம் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். நம் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் படம் கெட்டுவிடும் என்று நகரச் சொல்கிறார்கள். நாமும் அதை நம்பத் தொடங்கிவிட்டோம். இருட்டுதான் நமக்கு இயல்பு, இறங்கிய ஸ்வரம்தான் நமக்கு ஏற்றது என்று நாமே சொல்கிறோம். ஆம்ப்ளர் அப்படி எழுதவில்லை. முப்பத்தெட்டு நிமிடம் அலைய விட்டவர், கடைசியில் விளக்கைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில் வைத்தார். முதல் வயலினிடம் கொடுக்கவில்லை. முன்வரிசையிடம் கொடுக்கவில்லை. யாரும் கவனிக்காத இரண்டாம் டிராம்போனிடம் கொடுத்தார். அதைத் தெரிந்துதான் கொடுத்தார் என்று நான் நம்புகிறேன்.

நேற்று மாலை அவருடைய சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து இருபத்து மூன்றாவது பக்கத்தை எழுதினேன். அவருடைய முறையில். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தார். "இப்ப நீ சொல்லி நான் நம்ப மாட்டேன் கண்ணு, தப்பா நெனச்சுக்காத" என்றார். பிறகு குழாயை எடுத்து அந்த ஒரு ஸ்வரத்தை ஊதினார். தரை இல்லை, கூரை இல்லை, கூட யாரும் இல்லை. தனி ஸ்வரம். அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. சரி என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அந்தத் தாளைத் தலைவரின் மேசையில் வைக்கிறேன். நெய்லர் ஐயா, எடுத்துப் பாருங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள், கடைசி ஸ்வரத்தை இந்த முறை ஒத்திகையில் வாசிக்க விடுங்கள். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. கிரீவ்ஸ் அவர்களே, குழுவிலிருந்து ஒரு பெயரை நீக்கியே ஆக வேண்டும் என்றால் நோட்டுக் காப்பாளனின் பெயரை நீக்குங்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்த நாற்காலிக்கு லீட்ஸிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. எந்த மனிதனுக்குப் பதிலாகவும் எந்த மனிதனையும் உட்கார வைக்கலாம் என்ற கணக்கை நம்மீது போட்டவர்கள் போட்டார்கள். நாமே நம்மீது போட வேண்டாம்.

மணி அடித்தும் பொறுத்த தலைவருக்கும், சிரித்துக்கொண்டே கேட்ட பேண்டுக்காரர்களுக்கும், இப்போது சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கும், உங்கள் அனைவருக்கும் நன்றி. தீர்மானத்துக்கு எதிராக முதல் கை என்னுடையது. உயர்த்திவிட்டேன். உங்களுடைய கைகள் எழும்வரை இதை இறக்கப் போவதில்லை.

வணக்கம்.